அம்மாவின் பைலில் எழுதிய சொல்

என் வயதுக்காரரே, உங்களிடம் சின்ன வயதுக் கதை கேட்டால் மாங்காய், மழை, கள்ள நெல்லிக்காய் என்று தொடங்குவீர்கள். தொடங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. எனக்கு மட்டும் அந்த வயது என்றதும் ஒரு இங்கிலீஷ் சொல்தான் முன்னுக்கு வந்து நிற்கிறது. கனிங். தந்திரக்காரர், சூதுக்காரர் என்று இன்றைக்கு எந்தச் சின்ன அகராதியும் சொல்லும். அந்தச் சொல்லை ஒரு காணி அதிகாரி, நாங்கள் துரை என்போம், எங்கள் காணிப் பைலில் எழுதினார். அதற்குப் பிறகு ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், வயல் எங்களுக்கா இல்லையா என்று தெரியாமல் கிடந்தோம். அந்த ஐந்து கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஐம்பதுகளின் கடைசி. வன்னியில் கண்டாவளைக்கு அங்காலே காடு வெட்டிக் கொடுத்த குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயலும், வீடு கட்ட மேட்டில் ஒரு துண்டும் கிடைத்திருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். காணி அரசாங்கத்தினுடையது. எங்கள் கையில் இருந்தது பெமிட் என்ற ஒரு கடதாசி. சொன்னபடி நடந்தால் காணி எங்களோடு இருக்கும், பிழை விட்டால் துரை பறிப்பார். பறித்தால் திரும்பிப் போக இடமில்லை. நாங்கள் வண்டி ஏறிய அடுத்த மாதமே அப்பாவின் அண்ணன்மார் எங்கள் குடிசை நின்ற துண்டையும் சேர்த்து வேலி அடைத்துவிட்டார்கள். அப்பா அதைப்பற்றிக் கதைக்கமாட்டார். அம்மா கதைப்பார், ஒவ்வொரு நாளும் கதைப்பார்.

எனக்குப் பதினொரு வயதான அந்தச் சிறுபோகத்தில் அப்பா மாட்டுவண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். முறிவு வைத்தியர் வந்து மூங்கில் மட்டை வைத்து எண்ணெய்ச் சீலை சுற்றிக் கட்டி, மூன்று மாதம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா சாக்குக் கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீடு முழுக்க அந்த எண்ணெய் மணம். வயல் அம்மாவின் தலையிலும், மிச்சம் மகளான என் தலையிலும் விழுந்தது.

சிறுபோகம் என்றால் உங்களுக்குத் தெரியும், மழையை நம்புவதல்ல, குளத்தை நம்புவது. அந்த வருடம் குளமும் கையை விரித்தது. எட்டு நாளைக்கு ஒருக்கால் என்றிருந்த தண்ணீர் முறை பத்தாகி, பதினைந்தாகியது. வாய்க்கால் கதவைத் திறந்து மூடுகிற திறப்பு, சாவிதான், ஒரு ஆளிடம் இருக்கும். அவரை நாங்கள் திறப்புக்காரர் என்போம். எங்களைப்போல வந்து குடியேறியவர் அல்ல அவர், அந்த மண்ணிலேயே பரம்பரையாக இருந்த வன்னி ஆள். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். ஒரு சாண் நீளத் திறப்பை அரைநாண்கயிற்றில் கட்டியிருப்பார். நடக்கும்போது அது தொடையில் அடிபட்டுக்கொண்டே வரும்.

நெல் குடலை தள்ளுகிற, கதிர் வெளிவர இருக்கிற பருவம். வயல் வெடித்து, வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டுவரை போனது. அம்மா ஒருநாள் காலையில் வயலின் பள்ளமான மூலையில் மருதமரத்தடியில் குந்தியிருந்து மண்ணைக் கிள்ளிக் கிள்ளி மணந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் மூளை கலங்கிவிட்டதோ என்று எனக்குப் பயம்.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"உந்தக் கோரையைப் பார். எல்லாம் கருகிக் கிடக்கு, இது மட்டும் பச்சையா நிக்குது. ஏன் நிக்குது?"

"தெரியாது."

"அடியில தண்ணி கிடக்கு. வாயை மூடிக்கொண்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வா."

அம்மா கிணறும், கட்டுக் கட்டாத நீர்க்குழியான துரவும் வெட்டுகிற தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு நாள் தோண்டினோம். அம்மாவின் தலையுயரம் போனதும் களிமண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. அம்மா ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு என் நெற்றியிலும் கொஞ்சம் பூசினார். நான் சிரித்தேன், அம்மா சிரிக்கவில்லை. வயல்காணியில் துரையின் அனுமதி இல்லாமல் குழி தோண்டக் கூடாது, தோண்டினால் பெமிட் போகும் என்று காணி தரும்போதே வாசித்துச் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே துரவை மறைக்க வேண்டும். வெட்டவெளி வயலில் ஆள் உயரக் குழியை எப்படி மறைப்பது? இந்த இடத்தில்தான் அம்மாவின் மூளை வேலை செய்தது.

வன்னி ஆட்களுக்கு ஒரு வழக்கம். காட்டு வழியில் போகும்போது பிள்ளையார், ஐயனார், வைரவர் என்று ஏதாவது ஒரு தெய்வம் இருக்கிற மரத்தைக் கண்டால் பக்கத்தில் ஒரு இலைக் குழையை முறித்து அதன் அடியில் போட்டுவிட்டுத்தான் கடப்பார்கள். எந்த மரத்தில் எந்தத் தெய்வம் என்று அவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்குத் தெரியாது. யானையும் பாம்பும் கரடியும் உள்ள காட்டில், எந்தத் தெய்வத்தை எங்கே மிதித்துவிடுவோமோ என்ற பயத்தில், மூன்று கல் ஒன்றாகக் கிடந்தாலே செருப்பைக் கழற்றிக் குழை முறிக்கத் தொடங்கினோம். வன்னி ஆட்கள் எங்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள்.

அம்மா மருதமரத்தடியில் மூன்று கல்லை வைத்தார். சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். மாடு மிதிக்காமல் இருக்க என்று சொல்லிப் பின்னால் தென்னோலைக் கிடுகு கட்டி மறைத்தார். துரவு கிடுகுக்குப் பின்னால். துரவின் வாயில் தடி பரப்பி, அதன்மேல் இரண்டு குழையைப் போட்டார். "வைரவர் கனவில வந்தவர்" என்று அயலில் ஒரே ஒரு வீட்டில் சொன்னார். போதாதா? அம்மா போட்டது இரண்டு குழை, மிச்சத்தை ஊர் கிடுகுக்கு மேலால் போட்டது. ஒரு கிழமைக்குள் அங்கே குழை மலைபோலக் குவிந்துவிட்டது. உச்சிப்பொழுதில் வைரவர் உலாவுவார், பெண்கள், பிள்ளைகள் போகக் கூடாது என்று அவர்களே சட்டமும் போட்டுவிட்டார்கள்.

அந்த உச்சிப்பொழுதுதான் எங்கள் வேலை நேரம். அம்மா துரவுக்குள் இறங்கி நின்று மண்ணெண்ணெய்த் தகரத்தில் கோலித் தருவார், நான் மேலே வாங்கி வயலுக்குள் ஊற்றுவேன். தகரத்தின் விளிம்பு கையை அறுக்கும். வரம்பு காலைச் சுடும். சட்டை நனைந்தால் காய்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் அப்பா கேட்பார். அப்பாவுக்கும் சொல்லவில்லை. அவர் சாமிக்குப் பயந்தவர், கேட்டால் முறிந்த காலோடு எழும்பி வந்து கல்லுக்கு முன் விழுந்திருப்பார்.

ஒரு மத்தியானம் ஆக்காட்டிக் குருவி கத்தியது. ஆள் வந்தால் அது சும்மா இருக்காது. அம்மா என்னைக் காலில் பிடித்து இழுத்துத் துரவுக்குள் போட்டு, தடியையும் குழையையும் மேலே இழுத்துவிட்டார். முழங்கால்வரை தண்ணீர். குழைகளுக்கு ஊடாகப் பச்சை வெளிச்சம். அம்மாவின் கை என் வாயை அழுத்தியிருந்தது, சேற்று மணம் மூக்கில் ஏறியது.

வந்தவர் மேல்வயல் மாமா. எங்கள் வயலுக்கு மேலே இருந்தது அவருடைய வயல், யாழ்ப்பாணத்திலும் எங்கள் ஊர்க்காரர்தான். குழையை முறிக்கிற சத்தம் கேட்டது. அது வந்து எங்கள் தலைக்கு மேலே விழுந்தது. பிறகு அவர் அழத் தொடங்கினார். பெரிய மீசை வைத்த மனிதர் அவர், அதட்டிக் கதைக்கிறவர்.

"வைரவரே, ஏழு சீவன் எனக்கு. இந்த நெல்லு போனால் நான் அதுகளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? உவளின்ர வயலுக்கு மட்டும் கண்ணைத் திறக்கிறாய். எனக்கும் ஒரு வழி காட்டு."

நாங்கள் அவருடைய காலிலிருந்து இரண்டு முழத்தில் தண்ணீரில் நிற்கிறோம். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மாமா போனதும் அம்மா தகரத்தைக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கு அதற்குமேல் தண்ணீர் இறைக்கவில்லை.

அழுத அதே மாமாதான் மூன்றாம் நாள் துரைக்கு முறைப்பாடு போட்டார். கோபிக்க முடியாது. அவருடைய வயல் சருகு, எங்களுடையது கிளிப்பச்சை. நாங்கள் கள்ளமாக வாய்க்காலை வெட்டித் தண்ணீர் எடுக்கிறோம், திறப்புக்காரர் கண்டும் காணாமல் விடுகிறார் என்று எழுதிக் கொடுத்தாராம்.

துரை ஜீப்பில் வந்தார். நமது தமிழர்தான், ஆனாலும் அரைக்காற்சட்டை, நீளக் காலுறை, தொப்பி. ஆகவே துரை. மதகுக் கட்டில் குந்தி, பைலை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். ஊர் முழுக்க வாய்க்கால் கரையில் நின்றது. அப்பா வரமுடியாது என்பதால் அம்மா முன்னுக்கு நின்றார், நான் அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி.

"உங்கட வயல் மட்டும் எப்பிடிப் பச்சையா நிக்குது?"

"உழைச்சால் நிக்கும்தானே, ஐயா."

"நாங்களெல்லாம் படுத்தே கிடக்கிறம்?" என்றார் மேல்வயல் மாமா. ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

துரை திறப்புக்காரரிடம் திரும்பினார். "நீர் சொல்லும். இவைக்குத் தண்ணி எங்கால வந்தது?"

"எனக்குத் தெரியாது, ஐயா."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று கல்லைத் தாண்டித்தான் திறப்புக்காரர் தினமும் இரண்டு தடவை போய்வருவார். ஊரெல்லாம் குழை போட்டது, அவர் ஒருநாளும் போடவில்லை. நான் அதைக் கண்டிருந்தேன், கண்டும் அதன் பொருள் விளங்கவில்லை. அந்த மண்ணில் பிறந்தவருக்கு எந்த மரத்தில் தெய்வம் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாதா? அவருக்கு முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்கும். கையை நீட்டி அந்தக் கிடுகைக் காட்டியிருந்தால் அவர் தப்பியிருப்பார். காட்டவில்லை.

துரைக்குப் பொறுமை போய்விட்டது. குனிந்து என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீ பள்ளிக்கூடம் போறனியோ?"

"ஓம், ஐயா."

"அப்ப பொய் சொல்லமாட்டாய். வயலுக்குத் தண்ணி ஆர் தந்தது?"

எல்லோருடைய கண்ணும் என்மேல். அம்மாவின் சீலை என் கைக்குள் நனைந்திருந்தது. நான் துரையின் முகத்தை நேரே பார்த்தேன்.

"வைரவர் தந்தவர்" என்றேன்.

யாரோ ஒரு கிழவர் தலைக்குமேல் கை கூப்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கூப்பினார்கள். மேல்வயல் மாமாவின் முகம் வெளுத்துவிட்டது, அவரும் கூப்பினார். எனக்கு, உண்மையைச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. பெரியவர்களால் முடியாததை நான் ஒரு சொல்லில் முடித்துவிட்டேன்.

துரை கை கூப்பவில்லை. "வைரவர் என்னட்டப் பெமிட் எடுக்கேல்லையே" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் திறப்புக்காரரிடம் கையை நீட்டினார். "திறப்பைத் தாரும். நாளையிலிருந்து நீர் வேலைக்கு வரவேண்டாம்."

திறப்புக்காரர் அரைநாண்கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது. அவர் குனிந்து பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்துக் கொடுத்தார். அவருக்கு நாலு பிள்ளைகள், கடைசிப் பிள்ளை இன்னும் தவழ்கிறது.

அம்மா என் கையைச் சீலையிலிருந்து விடுவித்தார். வரம்பில் இறங்கி மருதமரத்தை நோக்கி நடந்தார். சனம் பின்னால் போனது, துரையும் போனார். அம்மா மூன்று கல்லையும் ஒவ்வொன்றாகத் தூக்கி ஒரு பக்கத்தில் வைத்தார். கிடுகைப் பிடுங்கினார். குழைகளை இரண்டு கையாலும் வாரி வாரி எறிந்தார், மேலே பச்சை, கீழே காய்ந்து நொறுங்கியது. தடிகளை இழுத்தார். துரவு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"இந்தாங்கோ, ஐயா, தண்ணி. நான் ஒருத்தற்ற வாய்க்காலையும் வெட்டேல்லை. இது நான் தோண்டினது. அந்த மனிசன்ர திறப்பைக் குடுங்கோ."

மேல்வயல் மாமா துரவைப் பார்த்தார், தான் நின்று அழுத இடத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

துரை துரவின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். திறப்பைத் திருப்பிக் கொடுத்தார். பைலைத் திறந்து, ஜீப்பின் முன்மூடியில் வைத்து, பேனையால் எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன். முழுவதும் வாசிக்க எனக்கு இங்கிலீஷ் போதாது. ஒரு சொல்லின் அடியில் மட்டும் கோடு போட்டார். ஏழு எழுத்து. பள்ளிக்கூட வாத்தியார் எழுத்துக்கூட்டப் பழக்கியிருந்தார், வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்த ஏழையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போய்ச் சிலேற்றில் எழுதி வைத்தேன்.

மறுநாள் சிலேற்றோடு வாத்தியாரிடம் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தனியாக இருந்தார். பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சொல்லைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"இதை எங்க கண்டனி?"

"துரை எங்கட பைலில எழுதினவர். கோடும் போட்டவர்."

வாத்தியார் அகராதியைத் திறக்கவேயில்லை. "தந்திரக்காரி எண்டு அர்த்தம். ஆக்களை ஏமாத்திற ஆள். பைலில கிடந்தால் நல்லதில்லை, பிள்ளை. பெமிட்டுக்குக் கூடாது."

அழுதுகொண்டு வந்தேன். வழியில் வாய்க்காலில் முகம் கழுவ நினைத்தால், வாய்க்காலில் ஏது தண்ணீர்? குசினி வாசலில் அம்மா நின்றார். துரை வந்து போனதிலிருந்து சாப்பிடவில்லை அவர். முகம் ஒரே இரவில் சுருங்கிப்போயிருந்தது.

"வாத்தியார் என்ன சொன்னவர்?"

வாயைத் திறந்தேன். உண்மைதான் வருமென்று நினைத்தேன். "கெட்டிக்காரி எண்டு அர்த்தமாம்."

"மெய்யே?"

"ஓம். நல்லா விசயம் தெரிஞ்ச ஆளாம்."

"அப்ப நீ ஏன் அழுதனி?"

"சந்தோசத்தில."

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார். அடுப்பில் கஞ்சி இருந்தது, இரண்டு கோப்பை குடித்தார். உள்ளே போய் அப்பாவிடம், "இஞ்சேருங்கோ, துரை என்னைக் கனிங் எண்டு எழுதினவராம். படிச்ச மனிசன்தானே, ஆளைத் தெரியும்" என்றார். அப்பா கூரையிலிருந்து கண்ணை எடுத்து, கால் முறிந்த பிறகு முதல்தடவையாகச் சிரித்தார். அடுத்த நாள் அயலுக்கெல்லாம் கனிங் போய்விட்டது.

அதன்பிறகு எனக்கு நித்திரை ஏது? ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் வாயைத் திறந்தால் நான் முடிந்தேன். ஒரு பின்னேரம் அவர் அப்பாவைப் பார்க்க வந்தார். அம்மா தேத்தண்ணீரும் பனங்கட்டியும் கொடுத்துவிட்டு, தூணில் சாய்ந்து நின்று கேட்டார்.

"வாத்தியார், உந்தக் கனிங் எண்டிறது பெரிய சொல்லோ?"

நான் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றேன். வாத்தியார் என்னைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். ஒரு மிடறு குடித்தார்.

"ஓம்" என்றார். "பெரிய சொல்தான்."

பிறகு அப்பாவின் காலைப்பற்றி விசாரிக்கத் தொடங்கினார். நான் கூட்டின முற்றத்தையே திரும்பவும் கூட்டினேன்.

உங்களில் படித்தவர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவீர்கள், எனக்குத் தெரியும். நானும் பிறகு பெரிய அகராதி பார்த்தவள்தான். அந்தச் சொல் பழைய இங்கிலீஷில் 'அறிதல்' என்ற வினையிலிருந்து வந்ததாம். 'முடியும்' என்று சொல்ல நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, 'கான்', அதுவும் அதே வேர்தானாம். முற்காலத்தில் கல்வி உள்ளவனையும் கைவேலை தெரிந்த தச்சனையும் அந்தச் சொல்லால் புகழ்ந்திருக்கிறார்கள். மூலிகை தெரிந்து வைத்தியம் பார்க்கும் பெண்ணையும் அப்படித்தான் அழைத்தார்களாம். காலம் போகப்போக, விசயம் தெரிந்தவனைத் தெரியாதவன் சந்தேகப்பட, சொல் கறுத்துவிட்டது. நம் 'சூழ்ச்சி' மட்டும் என்னவாம்? ஒருகாலத்தில் நாலு பேர் கூடி யோசிப்பதுதான் சூழ்ச்சி. கோரையைப் பார்த்துத் தண்ணீரை அறிந்தவருக்கு அந்தப் பழைய பொருள் அச்சொட்டாகப் பொருந்தும். ஆனால் எனக்காக வாதாட வராதீர்கள். பதினொரு வயதில் எனக்கு அந்த வேர் தெரியாது. தெரியாமல் சொன்னது வேரில் சரியாக இருந்தாலும், என் வாயில் அது பொய்தான்.

ஐந்தாம் கிழமை கடிதம் வந்தது. அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு, திறக்கப் பயந்து, வாத்தியாரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். வாத்தியார் மனதுக்குள் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"காணி பறிக்கேல்லை" என்றார் வாத்தியார். "ஏழு நாளைக்குள்ள துரவை மூடவேணும். இனியொருக்கால் செய்தால் பெமிட் போகும். அவ்வளவுதான்."

கோடு போட்ட கை ஏன் மன்னித்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. துரவின் விளிம்பில் நின்றபோது அந்த மனிதரும் எதையோ யோசித்திருக்க வேண்டும்.

மூடுவதற்கு மேல்வயல் மாமாதான் முதலில் மண்வெட்டியோடு வந்தார். ஐந்து கிழமையாக எங்களோடு கதை இல்லை. பேசாமல் மண்ணைத் தள்ளினார். பாதி நிரம்பியதும் மீசையைத் துடைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி கேட்டார்.

"தங்கச்சி, என்ர காணியில எந்த மூலையில கிடக்கும்?"

"துரையிட்டக் கேட்டு அனுமதி எடுங்கோ, அண்ணை. எடுத்துக்கொண்டு வாங்கோ, நான் காட்டுறன்."

மாமா தலையை ஆட்டினார். அனுமதி கேட்டால் துரை தருவாரா என்பதைப் போகத்துக்கு முதலே யாராவது யோசித்திருந்தால் எங்களுக்கு வைரவரே தேவைப்பட்டிருக்காது. அதிகாரத்தைக் கண்டால் ஒளிக்க மட்டுமே தெரிந்தவர்களாக இருந்தோம் நாங்கள். கேட்டுப் பார்க்கலாம் என்பது எங்கள் மண்டையில் ஏறவேயில்லை.

கடைசித் தண்ணீர் இல்லாமல் எங்கள் நெல்லில் பாதி உள்ளீடில்லாத சப்பியாகிவிட்டது. மிச்சப் பாதியை வெட்டி, சூடடித்து, களத்தில் தூற்றிக்கொண்டிருந்தோம். காற்று நன்றாக வீசிய காலை நேரம். அம்மா சுளகில் நெல்லை உயர்த்திப் பிடித்துக் கொட்ட, சப்பி அப்பால் பறந்தது. நான் நெல்லைக் கூட்டிக் குவித்தேன். அப்பாவும் தடி ஊன்றி வந்து களத்தின் ஓரத்தில் இருந்தார். அதுவரை கேட்கப் பயந்ததை அன்றைக்குக் கேட்டேன்.

"அம்மா, எல்லாரும் நம்பினவைதானே. ஏன் துரவைக் காட்டினீங்கள்? திறப்புக்காரருக்காகவோ?"

"அவருக்காகவும்தான்" என்றார். சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கல்லை வைச்சது நான். அந்தப் பாவத்தை நான் சுமப்பன். ஆனால் நீ அவ்வளவு சனத்துக்கு முன்னால, துரையின்ர முகத்தைப் பாத்து, கண் வெட்டாமல் சொன்னனி. எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. காணி போனால் எங்கயாவது கூலிக்குப் போய்ச் சீவிக்கலாம். நீ பொய்யில பழகிப்போனால் நான் உன்னை ஆரிட்டக் கேட்டுத் திருப்பி எடுக்கிறது? அதுதான் கல்லைத் தூக்கினனான்."

அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் தலையில் ஒட்டியிருந்த சப்பியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"அதுக்குப் பிறகு நீ ஒரு பொய்யும் சொல்லேல்லைத்தானே, பிள்ளை?"

"இல்லை, அம்மா" என்றேன்.